பஞ்சு தூசிக்கும் அம்மிச்சிக்கும் தாங்குன ஹோம் தியேட்டர் பிசி, 9 மாச அனுபவம்

மொதல்லயே சொல்லிர்றேனுங்க, கேமிங் பிசி ரிவ்யூ தேடி வந்தவங்க இப்படியே அக்கட்டால போயிரலாம், இதுல ஃபேன் கூட கெடையாது. டிவிக்கு கீழ வெச்சு படம் பாக்கறதுக்குனு நானே ஒவ்வொரு பார்ட்டா பாத்து வாங்கி சேத்துன சின்ன பெட்டி. பல்லடம் பக்கத்துல தறி ஓடுற ஊர்ல 9 மாசமா ஓடிட்டு இருக்குது, எது சரியா வந்துச்சு எதுல காசு தண்டமாச்சுனு எழுதி வெச்சா யாராவது ஒருத்தருக்கு ஆகும்.

இதுல எறங்குனதுக்கு காரணமே ஒரு கல்யாண டிவிடி. அக்கா கல்யாணம் 2006ல. வீடியோக்காரரு 3 டிவிடி போட்டு பூப்போட்ட பெட்டியில குடுத்தாரு. அதுல அப்புச்சி, அதாவது அம்மாவோட அப்பா, உருமாலையோட முன்னாடி உக்காந்து இணைச்சீருங்கற சடங்கு நடக்கறத பாத்துட்டு இருப்பாரு. அவரு போய் நாலு வருசமாச்சு, அம்மாவ பெத்த அம்மிச்சி எங்ககூடத்தான் இருக்குது, அதுக்கு மாசம் ஒருக்காவாவது அந்த டிவிடிய பாக்கோணும். பழைய டிவிடி பிளேயர் லென்ஸ் போய் கெடக்குது. சரின்னு டிஸ்க்க கம்ப்யூட்டர்ல போட்டு பென்டிரைவ்ல ஏத்தி புது டிவில சொருகுனா, ஆளு அசையறப்பெல்லாம் ஓரத்துல சீப்பு பல்லு மாதிரி கோடு கோடா வருது. சடங்கு பண்ற அருமைக்காரரு கைய தூக்குனா கை நாலா கிழிஞ்ச மாதிரி இருக்குது. அம்மிச்சி "ஏங்கண்ணு, கேசட்டு செல்லரிச்சு போச்சா"ங்குது.

டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்லீங்க. நம்மூரு கல்யாண டிவிடி பெரும்பாலும் பால் (PAL)ங்கற டிவி முறை, 576 வரி, செகண்டுக்கு 25 ஃப்ரேம். ஆனா ஒவ்வொரு ஃப்ரேமும் ஒத்தப்படை வரி தனியா ரெட்டப்படை வரி தனியா ரெண்டு பாதியா பிரிஞ்சு இருக்கும், ரெண்டு பாதியும் வேற வேற நேரத்துல எடுத்தது. பழைய டியூப் டிவி அதே மாதிரி பாதி பாதியாத்தான் வரைஞ்சுச்சு, அதனால தெரியல. இப்ப இருக்கற எல்இடி டிவி முழு ஃப்ரேமையும் ஒரே அடியா காட்டுது, அதான் சீப்பு. இத சரி பண்றதுக்கு டீஇன்டர்லேஸ்னு பேரு, டிவிக்குள்ள இருக்கற யுஎஸ்பி பிளேயர் அத ஒழுங்கா பண்ணல, அவ்வளவுதான்.

இன்னொரு எழவு, பங்காளி ஒருத்தன் புளூரே டிஸ்க்ல இருந்து எடுத்த ஃபைல் கொண்டாந்தான், அத போட்டா படம் வருது சத்தம் வரல. அதுல இருந்தது டிடிஎஸ்ங்கற ஆடியோ வகை. சாம்சங் 2018 மாடல்ல இருந்தே டிடிஎஸ் குடுக்கறதில்ல, எல்ஜி 2020ல நிறுத்திட்டு 2023ல சில மாடலுக்கு திருப்பி குடுத்தாங்க. என்ற டிவி எந்த கம்பெனினு சொல்லல, ஆனா 50,000 குடுத்து வாங்குன டிவி ஊமைப்படம் ஓட்டுனா வயிறு எரியுமா எரியாதா.

சரி பிசியே போட்டறலாம்னு கோயமுத்தூர் போனேன், காந்திபுரத்துல ஒரு கடை. பேரு வேண்டாம். "4கே பாக்கணுமுங்க, சத்தம் வரக்கூடாதுங்க"ன்னு ரெண்டே ரெண்டுதான் கேட்டேன். அவரு கால்குலேட்டர எடுத்துட்டாரு. ஐ5, 16ஜிபி ரேம், ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கலர் கலரா எரியற கேபினட், 43,000. "கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம 4கே ஓடாதுங்க சார்"னு அடிச்சு சொன்னாரு. ஜிடி 730 வந்தது 2014ல. 4கே படம் பெரும்பாலும் எச்இவிசிங்கற முறைல சுருக்கி வரும், அத தானா பிரிச்சு (டிகோட்) படமாக்கற வசதியே அதுல இல்ல, எச்டிஎம்ஐ 1.4தான், அதாவது 4கேல செகண்டுக்கு 30 ஃப்ரேமுக்கு மேல தாண்டாது. அந்த ஐ5குள்ளயே இருக்கற கிராஃபிக்ஸ் அந்த கார்ட விட படத்துக்கு எவ்வளவோ மேல. அதாவது காசு குடுத்து கீழ எறங்க சொல்றாரு. விசிட்டிங் கார்டு வாங்கிட்டு வந்துட்டேன், பஸ்ல வர்றப்ப அதுல கணக்கு போட்டு பாக்க ஆச்சு.

இங்க ஒரு விசயம் புரிஞ்சுக்கணும், படம் ஓட்டறதுக்கு பிராசசர் வேகம் நெம்ப தேவையில்ல. எச்இவிசி, விபி9, ஏவி1னு ஒவ்வொரு வகைக்கும் சிப்புக்குள்ள தனியா ஒரு டிகோடர் இருக்கணும். இருந்தா 6 வாட் சிப்பு 4கே ஓட்டும், இல்லைனா பெரிய சிப்பே மூச்சு வாங்கும். இன்டெல்ல 7வது தலைமுறைல இருந்து 10 பிட் எச்இவிசி முழுசா ஓடும், ஏவி1 வேணும்னா 11வது தலைமுறைக்கு வரணும். செகண்ட் ஹாண்ட்ல ஆபீஸ் மினி பிசி வாங்கலாம்னு நெனைக்கறவங்க இத பாத்துக்கங்க. 8வது தலைமுறை ஐ5 போட்ட குட்டி பிசிங்க சல்லிசா கெடைக்குது, என்ற மாப்ள ஒண்ணு வாங்கி வெச்சிருக்கான், நல்லாத்தான் இருக்குது, ஆனா அந்த தலைமுறைல சிப்பு நேரா குடுக்கறது எச்டிஎம்ஐ 1.4தான், 4கேல செகண்டுக்கு 60 ஃப்ரேம் (4கே 60) வேணும்னா டிஸ்பிளேபோர்ட்ல இருந்து எச்டிஎம்ஐ 2.0க்கு மாத்தற ஆக்டிவ் அடாப்டர் தனியா போடணும். அடாப்டர்னா சும்மா வயர் மாத்தி குடுக்கற 200 ரூவா சாமான் இல்ல, உள்ள சிப்பு இருக்கணும். அவன் மொதல்ல 200 ரூவாய்க்குதான் வாங்குனான்.

ராஸ்பெர்ரி பை 5ம் பாத்தேன். டிவி ரிமோட்லயே ஓட்டலாம், அதுக்கான சிஇசிங்கற வசதி உள்ளயே இருக்குது, அது பெரிய பிளஸ். எச்இவிசி 4கே 60 ஹார்டுவேர்லயே ஓடுது. ஆனா எச்.264க்கும் ஏவி1க்கும் டிகோடர் இல்ல, பிராசசர்தான் முக்கி முக்கி ஓட்டணும், 1080ல பிரச்சனை வராது, மேல போனா மூச்சு வாங்கும். கேஸு, அடாப்டரு, எஸ்எஸ்டி மாட்ட ஒரு போர்டுன்னு சேத்துட்டே போனா பிசி விலைக்கு கிட்ட வந்துருது. விட்டுட்டேன்.

இப்பதான் முக்கியமான விசயத்துக்கு வர்றேன், பஞ்சு.

சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் தறி ஊர்ல இருக்கறவங்களுக்கு இது சொல்ல வேண்டியதில்ல. சன்னல சாத்தி வெச்சாலும் ஃபேன் றெக்கைல ஒரு வாரத்துல மீசை மொளைச்சிரும். என்ற பழைய டெஸ்க்டாப்ப ஒருக்கா கழட்டுனா பிராசசர் ஃபேனுக்கும் சூட்ட எடுக்கற ஹீட்சிங்குக்கும் நடுவுல பஞ்சு மெத்தை மாதிரி அட அடயா அமுங்கி இருந்துச்சு, காத்து போக வழியே இல்ல. சாதா தூசின்னா ஊதுனா பறக்கும், பஞ்சுல எண்ணெ பிசுக்கும் ஈரமும் சேந்து அப்பிக்கும், டூத்பிரஷ் போட்டுத்தான் எடுக்கணும். மாப்ளயோட மினி பிசி ஆறே மாசத்துல விசில் அடிக்க ஆரம்பிச்சிருச்சு, அந்த மாதிரி குட்டி பெட்டில ப்ளோயர் மாதிரி சின்ன ஃபேன்தான் இருக்கும், றெக்கை இடுக்கு சின்னது, வெரசா அடைச்சுக்கும். நெட்ல ரிவ்யூ பாத்தா எல்லாரும் ஃபேன் சத்தத்துக்கு டெசிபல் அளக்கறாங்க, நம்மூருக்கு சத்தம் ரெண்டாவது, ஃபேனே இருக்கக்கூடாது, அதுதான் மொத கண்டிசன். ஃபேன் இல்லைனா பஞ்ச உள்ள இழுக்கறதுக்கு ஆளு இல்ல.

அதனால எடுத்தது ஆஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ் போர்டு. இன்டெல் என்100 பிராசசர் போர்டுலயே ஒட்டி வருது, 2023ல வந்த சிப்பு, 4 கோர், 6 வாட். எச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 மூணுக்கும் டிகோடர் இருக்குது. மேல ஒரு பெரிய ஹீட்சிங்கு, ஃபேன் கெடையாது. எஸ்எம்பிஎஸ்ஸும் வேண்டாம், லேப்டாப் மாதிரி 19 வோல்ட் அடாப்டர் நேரா சொருகிக்கலாம், ஆக எஸ்எம்பிஎஸ் ஃபேனும் மிச்சம். ரேம் ஸ்லாட் ஒண்ணுதான், படம் பாக்க அது போதும். 11,800 ஆச்சு எனக்கு. 8ஜிபி டிடிஆர்4 ரேம் 1,650க்கு வாங்குனேன், அது ரேம் விலை ஏறுறதுக்கு முன்னாடி. 2025 கடைசில இருந்து ஏறுன ஏத்தத்துல இப்ப அந்த விலைய நெனச்சுட்டு கடைக்கு போகாதீங்க, வீட்டுல பழைய டெஸ்க்டாப் செத்து கெடந்தா அதுல இருந்து உருவிக்கங்க, 4ஜிபி இருந்தாலே இந்த வேலைக்கு தாராளம்.

கேபினட்டுதான் கூத்து. ஃபேன் இல்லாத போர்டுக்குனு நல்ல மினி ஐடிஎக்ஸ் பெட்டி தேடுனா ஒண்ணு ஃபேனோட வருது, இல்லைனா போர்டு விலைய தாண்டுது. மினி ஐடிஎக்ஸ்ங்கறது 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர், ஒரு டிபன் தட்டு சைசு. இதுக்கு எதுக்குடா கேபினட்டுன்னு கணபதில பட்டறை வெச்சிருக்கற கூட்டாளிகிட்ட போனேன், பம்ப்செட்டுக்கும் மில்லு மெசினுக்கும் ஷீட் மெட்டல் வேலை பண்றவன். ஓட்டை போட்ட தகட்டுல மேலயும் கீழயும் காத்து போற மாதிரி ஒரு பெட்டி வளைச்சு, கருப்பு பவுடர் கோட்டிங் போட்டு 1,500 ரூவாய்க்கு குடுத்தான். பாக்கறதுக்கு பழைய வால்வு ரேடியோ மாதிரி அம்சமா இருக்குது, ஒறம்பரை வந்தா மொதல்ல அததான் கேக்கறாங்க. போர்டு பின்னாடி தகடு வெட்டறதுல மட்டும் 2 மில்லி தப்பு ஆகி அரம் போட்டு ராவ வேண்டியதாச்சு.

மே மாசம் உச்சி வெயில்ல ரூம் 37 டிகிரி இருக்கறப்ப ரெண்டரை மணி நேர 4கே படம் ஓட்டி பாத்தேன், சிப்பு 71ல நின்னுச்சு. இது 100 தாண்டுனாத்தான் வேகத்த கொறைக்கும், அதனால கவலையே இல்ல. வாட் மீட்டர் மாட்டி பாத்தா படம் ஓடறப்ப 14 வாட் பக்கம். குண்டு பல்பு கூட இதுக்கு மேல இழுக்கும்.

இப்ப அம்மிச்சிக்கு ஷாக் அடிச்ச கதை. பெட்டி வெச்சு ரெண்டாவது நாளு, அம்மிச்சி துணிய எடுத்துட்டு அத தொடைக்க போச்சு, வெறுங்காலு, சிமெண்ட் தரை. "சுருக்குனு கடிக்குது சாமி"ன்னு கைய உதறுது. நான் தொட்டு பாத்தா செருப்போட ஒண்ணும் தெரியல, செருப்ப கழட்டிட்டு தொட்டா ஆமா, எறும்பு ஊர்ற மாதிரி. டெஸ்டர் வெச்சா மங்கலா எரியுது. பயந்துட்டேன்.

வெசாரிச்சு பாத்தா இது ரெண்டு பின் அடாப்டர்ல எல்லாம் இருக்கற சமாச்சாரம். உள்ள நாய்ஸ் அடங்கறதுக்குனு மெயின்ஸ் பக்கத்துக்கும் அவுட்புட் பக்கத்துக்கும் நடுவுல ஒரு சின்ன கெபாசிட்டர் போட்டிருப்பாங்க, அது வழியா துளியூண்டு கரண்ட் கசியும். ஆளுக்கு ஆபத்து இல்லாத அளவுதான். பிளாஸ்டிக் பெட்டினா தெரியாது, நம்மளது முழுக்க தகடு, வெறுங்கால்ல தொட்டா தெரியும். இதுக்கு மருந்து மூணு பின் அடாப்டர், அதுல எர்த் பின் அந்த கசிவ பூமிக்கு தாட்டி விட்டுரும். அதனால 900 ரூவா ரெண்டு பின் அடாப்டர் தண்டம், 1,400 குடுத்து மூணு பின் வாங்குனேன். மாட்டுனா அப்பவும் கடிக்குது! ஏன்னா எங்கூட்டு ப்ளக்ல மூணாவது ஓட்டைக்கு பின்னாடி வயரே இல்ல. தாத்தா காலத்துல கட்டுன ஊடு, மூணு ஓட்டை சும்மா அழகுக்கு. எலெக்ட்ரீசியன கூப்புட்டு பொடக்காளில குழி நோண்டி ஜிஐ பைப்பு எறக்கி கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தோம், அது 4,000 பக்கம் ஆச்சு. அத பிசி செலவுல சேக்கறதா ஊட்டு செலவுல சேக்கறதான்னு எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் பஞ்சாயத்து. அம்மா கோடைல அந்த குழிக்கு தண்ணி ஊத்தறது ஒரு வேலையா போச்சு. எப்படியோ இப்ப வாசிங் மெசினும் கடிக்கறதில்ல, அது இத்தன வருசமா கடிச்சிட்டுதான் இருந்துச்சாம், யாரும் வாய தொறக்கல.

கரண்ட் போய் வர்றதுக்கும் ஒரு செட்டிங் சொல்லிர்றேன். பிசி ஸ்டார்ட் ஆகறப்ப உள்ள போற பயோஸ் செட்டிங்ல கரண்ட் போய் திருப்பி வந்தா என்ன பண்ணணும்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத பவர் ஆன்ல வெச்சிருங்க. கரண்ட் வந்ததும் பெட்டி தானா பூட் ஆகி படம் லிஸ்ட்ல வந்து நிக்கும், பட்டன் தேடற வேலை இல்ல. மாசாந்திர பராமரிப்பு அன்னைக்கு காலைல போய் சாயங்காலம் வந்தாலும் அம்மிச்சிக்கு ஒண்ணுமே தெரியாது. அக்கம்பக்கம் தறி எல்லாம் ஒண்ணா ஸ்டார்ட் பண்றப்ப வோல்டேஜ் தொங்கும், அடாப்டர் 100ல இருந்து 240 வரைக்கும் தாங்கறதால பெட்டிக்கு ஒண்ணும் ஆகல, டிவிதான் ஒருக்கா அணைஞ்சு எரிஞ்சுச்சு. இருந்த பழைய 600 விஏ யுபிஎஸ்ல ரெண்டையும் மாட்டிட்டேன்.

ஹார்ட் டிஸ்க்கு பெருசா ஒண்ணுமில்ல, 5டிபி போர்ட்டபிள் யுஎஸ்பி டிஸ்க் 11,500. இந்த சின்ன சைசுல பெரிய கொள்ளளவு டிஸ்க் எல்லாம் பெரும்பாலும் எஸ்எம்ஆர்ங்கற வகைதான், அதுல ஏத்தறப்ப நேரம் போகப்போக வேகம் படுத்துக்கும், மொத நாள் ஒரு டிபி ஏத்தறதுக்கு ராத்திரி முச்சூடும் ஆச்சு. படிக்கறதுல பிரச்சனை இல்ல, நாம ஏத்தறது ஒருக்கா பாக்கறது நூறு தடவ. சிஸ்டத்துக்கு 256ஜிபி எஸ்எஸ்டி 1,900. எச்டிஎம்ஐ கேபிள்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, 250 ரூவா கேபிள் 4கே 60ல பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கண் சிமிட்டுச்சு. அட்டைல 4கேனு யாரு வேணா அச்சடிக்கலாம், பிரீமியம் ஹைஸ்பீடுன்னு சர்ட்டிஃபிகேட் ஸ்டிக்கர் ஒட்டுனத பாத்து வாங்கணும், அதான் 18ஜிபிபிஎஸ்க்கு டெஸ்ட் பண்ணது. 700 ஆச்சு.

சாஃப்ட்வேர். மொதல்ல விண்டோஸ் 11 போட்டு ரெண்டு வாரம் பாத்தேன். என்100க்கு அது ஒண்ணும் பாரம் இல்ல, ஓடும். ஆனா அம்மிச்சி சீரியல் முடிஞ்சு டிவிடி போடலாம்னு உக்காந்தா அப்டேட் 34 சதவீதம்னு சுத்திட்டு இருக்கும். அப்புறம் எதோ ஒரு ஜன்னல் முன்னாடி வந்து நிக்கும், ரிமோட்ல அத மூட முடியாது, மவுஸ் எங்கன்னு தேடணும். தூக்கிட்டு லிப்ரிஎலெக் போட்டேன். இதுவும் லினக்ஸ்தான், ஆனா கோடி (Kodi)ங்கற படம் ஓட்டற சாஃப்ட்வேருக்கு என்ன வேணுமோ அது மட்டும்தான் உள்ள இருக்கும். பென்டிரைவ்ல எழுதி பூட் பண்ணா அஞ்சு நிமிசத்துல இன்ஸ்டால், ஸ்விட்ச் போட்டு 20 செகண்ட்ல கோடி வந்து நிக்கும், டெஸ்க்டாப்புன்னு ஒண்ணு இல்லவே இல்ல. கோடிங்கறது புதுசு இல்லீங்க, பழைய எக்ஸ்பாக்ஸ்ல வீடியோ பாக்கறதுக்குனு ஆரம்பிச்ச எக்ஸ்பிஎம்சிதான், 2014ல பேரு மாத்துனாங்க. நான் போட்டிருக்கறது 2024ல வந்த 21வது வெர்சன்.

கோடிய போட்டதும் அப்படியே பாக்காதீங்க, நாலு இடம் மாத்தணும், மாத்தலைனா "இதுக்கு டிவியே பரவால்ல"ன்னு தோணும்.

ஒண்ணு, பிளேயர் செட்டிங்ல டிஸ்பிளே ரிஃப்ரெஷ் ரேட் மாத்தறது. வந்தப்ப அது ஆஃப்லதான் இருக்கும். படம் செகண்டுக்கு 24 ஃப்ரேம், டிவி 60ல ஓடுது, 24அ 60ல சமமா பங்கு போட முடியாது, அதனால ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவ அடுத்தது மூணு தடவன்னு காட்டும். கேமரா வயக்காட்டுல மெதுவா பக்கவாட்டுல போற ஷாட்ல பாருங்க, தென்னமரம் எல்லாம் நொண்டி நொண்டி போகும். ஸ்டார்ட் ஸ்டாப்னு இருக்கறத போட்டுட்டா படம் ஆரம்பிக்கறப்ப டிவியே 24க்கு மாறிக்கும், கல்யாண டிவிடினா 50க்கு மாறிக்கும். மாறுறப்ப ரெண்டு செகண்ட் கருப்பா போகும், அம்மிச்சிகிட்ட "அது அப்படித்தான்"னு முன்னாடியே சொல்லி வெச்சுட்டேன்.

ரெண்டு, டிவிடிக்கு டீஇன்டர்லேஸ். டிஸ்க்க மேக்எம்கேவிங்கற சாஃப்ட்வேர்ல போட்டு அப்படியே எம்கேவியா எடுத்துட்டேன், கன்வர்ட் கின்வர்ட் எதுவும் பண்ணல, பண்ணா அந்த பாதி பாதி ஃப்ரேம் நிரந்தரமா கலங்கி போயிரும். நம்மூரு ஸ்டுடியோல "எம்பி4 ஆக்கித்தர்றோம்"னு பண்றது இததான், அந்த சீப்பு பல்ல ஃபைலுக்குள்ளயே சுட்டு வெச்சுருவாங்க, அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. ஒரிஜினல் டிஸ்க்க தூக்கி போட்டறாதீங்க. படம் ஓடறப்ப வீடியோ செட்டிங்ல டீஇன்டர்லேஸ் முறைய ஒவ்வொண்ணா மாத்தி பாத்தேன், பாப்னு வர்றது 25 ஃப்ரேம 50 படமா பிரிச்சு காட்டுது, டிவியும் 50ல ஓடுது, அவ்வளவு வழுக்கலா இருந்துச்சு. 20 வருசம் முன்னாடி ஒனிடா டிவில பாத்த மாதிரியே. மங்கல வாழ்த்து பாடறப்ப கேமரா திரும்பும் பாருங்க, அந்த எடத்துல ஒரு கோடு இல்ல.

மூணு, ஆடியோ. சவுண்ட்பாருக்கு ஆப்டிகல் கேபிள்னா அதுல போறது டால்பி டிஜிட்டல், சாதா டிடிஎஸ், இல்லைனா ஸ்டீரியோ, அவ்வளவுதான், ட்ரூஎச்டி மாதிரி பெரிய ஆடியோ எல்லாம் போகாது, அதுக்கு எச்டிஎம்ஐ வழியா போற இஏஆர்சி வேணும். என்ற சவுண்ட்பார் பழசு, அதனால கோடில எல்லாத்தையும் டால்பி டிஜிட்டலா மாத்தி அனுப்பற ஆப்ஷன போட்டுட்டேன், ஊமைப்படம் பிரச்சனை அதோட தீந்துச்சு. டிவி ஸ்பீக்கர்லயே கேக்கறவங்களுக்கு, வசனம் கிசுகிசுன்னும் பாட்டு காத கிழிக்கற மாதிரியும் வந்தா, டவுன்மிக்ஸ் (பல சேனல் சத்தத்த ஸ்டீரியோவா சுருக்கறது) பண்றப்ப ஒரிஜினல் வால்யூம வெச்சுக்கற ஆப்ஷன் ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணுங்க, வசனம் மேல வரும். ஆடியோவ பிரிக்காம அப்படியே அனுப்பற பாஸ்த்ரூ போட்டா இது வேலை செய்யாது, ரெண்டுல ஒண்ணுதான்.

நாலு, தமிழ் எழுத்து. படத்து பேர தமிழ்ல வெச்சா கோடியோட ஸ்கின்ல (திரைத் தோற்றத்துல) கட்டம் கட்டமா வந்துச்சு, ஸ்கின் செட்டிங்ல ஃபாண்ட ஏரியலுக்கு மாத்துனதும் சரியாச்சு. ஃபைல் பேருல வருசத்த அடைப்புக்குறிக்குள்ள போட மறந்தறாதீங்க, ஒரே பேருல ரெண்டு படம் நம்மகிட்ட எக்கச்சக்கம், போடலைனா ரஜினி படத்துக்கு அஜித் போஸ்டர் வந்து நிக்கும். அப்பா அதுக்கு ஒரு நாள் முழுக்க என்கிட்ட பேசல.

வீட்டு நெட்வொர்க்ல மத்த டிவிக்கு படத்த அனுப்பற ஜெல்லிஃபின்னும் இதே பெட்டில போட்டிருக்கேன், மாடில இருக்கற டிவிக்கும் ஃபோனுக்கும். இதே வேலை பண்ற பிளெக்ஸ்ல ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங் (சிப்பு வெச்சு ஃபைல வேற வகைக்கு மாத்தறது) வேணும்னா காசு, இதுல எல்லாம் சும்மா. அத பத்தி தனியா எழுதணும், இங்க வேண்டாம்.

கொறைய மறைக்க விரும்பல. ஓடிடிக்கு இந்த பெட்டி ஆகாது. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாம் லினக்ஸ்ல நல்ல குவாலிட்டி குடுக்கறதில்ல, 4கே வேணும்னா விண்டோஸு, இல்லைனா டிவியோட சொந்த ஆப்பு. நாங்க ஓடிடிய டிவி ஆப்லயே பாத்துக்கறோம், பெட்டி நம்ம ஃபைலுக்கு மட்டும். ஓடிடி மட்டும்தான் பாப்பேன்னா 4,000 ரூவாய்க்கு ஒரு ஸ்டிக் வாங்கி சொருகிட்டு நிம்மதியா இருங்க, இந்த ராவுடியே வேண்டாம். கலரும் வெளிச்சமும் கூட்டி காட்டற முறைல டால்பி விஷன் இதுல சரிப்படல, எச்டிஆர்10 நல்லா வருது, ஆனா வெறும் டால்பி விஷன் மட்டும் இருக்கற ஃபைல போட்டா மனுசங்க எல்லாம் பச்சையும் ஊதாவுமா சாமி வந்த மாதிரி நிப்பாங்க.

கடைசியா ரிமோட்டு. பிசில சிஇசி இருக்கறதில்ல, அதனால டிவி ரிமோட் இத ஓட்டாது. மொதல்ல ஏர் மவுஸ் ஒண்ணு வாங்குனேன், அது பாட்டுக்கு திக்குச்சு, அமுத்தறது ஒண்ணு போறது ஒண்ணு. அப்புறம் பாத்தா அதோட டாங்கிள் யுஎஸ்பி 3 டிஸ்க்குக்கு பக்கத்து ஓட்டைல இருக்குது. யுஎஸ்பி 3 ஓடறப்ப 2.4 கிகாஹெர்ட்ஸ்ல எரைச்சல் கெளப்பும், இன்டெல்லே 2012ல இத பத்தி ஒரு பேப்பர் போட்டிருக்காங்க. ஒரு முழம் எக்ஸ்டென்சன் வயர் போட்டு தள்ளி வெச்சதும் சரியாச்சு. ஆனா அம்மிச்சிக்கு காத்துல கைய ஆட்டி அம்பு நகத்தறது எல்லாம் ஆகல, "ஈ ஓட்டற மாதிரி இருக்குது கண்ணு, வேண்டாம்"னுருச்சு.

வெளிநாட்டுல இருக்கற மச்சான் வர்றப்ப ஃபிளர்க்னு ஒரு யுஎஸ்பி ரிசீவர் வாங்கிட்டு வந்தாரு. எந்த இன்ஃப்ராரெட் ரிமோட்டயும் காட்டி, இந்த பட்டனுக்கு இந்த வேலைன்னு சொல்லிக்குடுத்தா கீபோர்டு மாதிரி கோடிக்கு அனுப்பும். அட்டாலில கெடந்த பழைய டிஷ் ரிமோட்ட எடுத்தேன், எட்டு வருசம் அம்மிச்சி கையில தேஞ்ச ரிமோட்டு, 5ல புள்ளியே இல்ல. மேல கீழ, ஓகே, பேக் நாலு பட்டன்தான் சொல்லிக்குடுத்தேன், அதோட செவப்பு பட்டன அமுத்துனா நேரா கல்யாண டிவிடி லிஸ்ட். அன்னைக்கு சாயங்காலம் நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஆசாரத்துல நாதஸ்வர சத்தம், உள்ள போய் பாத்தா ரெண்டாவது டிஸ்க் ஓடிட்டு இருக்குது, அம்மிச்சி பாஸ் போட்டு வெச்சு அப்புச்சிக்கு பக்கத்துல உக்காந்திருக்கறது யாருன்னு அம்மாகிட்ட கேட்டுட்டு இருக்குது. இந்த மொத்த செலவுல உருப்படியான பார்ட் எதுன்னு கேட்டா அந்த ரிசீவர்தான், மச்சான் அதுக்கு காசும் வாங்கல.

மொத்தம் போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மூணு பின் அடாப்டர், பெட்டி சேத்து 18,250. டிஸ்க்கும் கேபிளும் சேத்தா 30,450. தண்டம்னா ரெண்டு பின் அடாப்டர், 250 ரூவா கேபிள், ஏர் மவுஸ். எர்த் குழிய அப்பா கணக்குல எழுதிட்டேன். திருப்பி போடறதா இருந்தா இதே போர்டுதான் போடுவேன், பெட்டிய மட்டும் மேல இன்னும் ரெண்டு விரக்கடை ஒசத்தி, மேல் மூடிய ஸ்குரூ இல்லாம கழட்டற மாதிரி பண்ண சொல்வேன். ஃபேன் இல்லாட்டியும் ஹீட்சிங்கு மேல பஞ்சு மெதுவா படியுது, ஒன்பது மாசத்துல ரெண்டு தடவ பிரஷ் போட்டேன், ரெண்டு தடவயும் ஒரு ஸ்குரூ தொலைஞ்சுச்சு.

இப்ப அக்கா தாராபுரத்துல அவ ஊட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணுங்கறா, அவ கல்யாண வீடியோ அவகிட்ட இல்லியாம். போன ஞாயித்துக்கிழமை டெஸ்டரும் கையுமா போய் அவங்கூட்டு ப்ளக்கு எல்லாம் ஒவ்வொண்ணா பாத்தேன். எர்த் இல்லீங்.